கதவைத் தட்டிவிட்டுத் திறப்பவள்

பேக்கரியில் பாண் வாங்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எங்கள் உணவகத்துக் காசாளர் சிவா. "நானா, செல்வராணி போயிட்டாங்க" என்றான். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள்தான். பாணை அங்கேயே மறந்துவிட்டு வந்துவிட்டேன்.

அப்புத்தளையில் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பழைய பங்களாவில் திறந்த அந்த நாகரிக உணவகம் உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். மத்தியதரைக் கடல் நாடுகளின் சாப்பாடு. சின்னச் சின்னத் தட்டுகளில் பலவகை செய்து மேசை நடுவே பரப்புவோம். எல்லோரும் பகிர்ந்து சாப்பிட வேண்டும். நான் சமையல்; முஸ்லிம் அண்ணன் என்பதால் எல்லோருக்கும் 'நானா'. செல்வராணி பரிமாறுபவள். வேலைக்கு வந்த முதல் நாள், கண்ணாடி அறையில் தட்டுகளை அழகாகப் பரப்பினாள். பிறகு விருந்தினரை வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தினாள்! முதலாளியம்மா பதறிப்போனார்.

"படையல் மாதிரியே இருந்துச்சுங்க. கை தானா சாத்திருச்சு" என்றாள். அவள் வீட்டு வழக்கப்படி, இறந்தவர்களுக்குப் பிடித்ததைப் படைத்து, அவர்கள் வந்து உண்ணக் கதவைச் சாத்துவார்கள், திறக்குமுன் தட்டுவார்கள். "சாப்பிடுறவங்கள திடுக்குன்னு எழுப்பக் கூடாது, நானா." கேட்டுச் சிரித்தவன் நான்தான்.

அவள் கணவர் முருகையா, தேயிலைத் தொழிற்சாலை இயந்திரத்தில் வலது மோதிர விரலை இழந்தவர். சுட்ட கத்தரிக்காய் என்றால் அவருக்கு உயிர். அவள் எங்களிடம் வேலைக்கு வருவதற்குப் பல வருடங்களுக்கு முன், அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளை மண்சரிவு மூடியபோது உள்ளே இருந்தார். உடல் கிடைக்கவில்லை. சொந்தக்காரர்கள் எவ்வளவு திட்டியும் அவருக்கு மட்டும் அவள் படைக்கவே இல்லை. "படைச்சா, அவரு செத்துட்டாருன்னு நானே சொன்ன மாதிரி ஆயிரும். எந்த வாயால சொல்லுவேன்?"

பனி இறங்கிய ஒரு பிற்பகல். கண்ணாடி அறையில் இருவருக்கு மேசை தயார். பாதை தெரியவில்லை, வரமாட்டோம் என்று அவர்கள் போனில் சொல்லிவிட்டார்கள். தட்டுகளை எடுக்கப் போனோம். வழக்கம்போல் அவள் தட்டிவிட்டுத் திறந்தாள். சுட்ட கத்தரிக்காய் மசியலில் யாரோ விரலால் வழித்த தடம். இரண்டு கோடு, ஓர் இடைவெளி, பிறகு ஒரு கோடு. "பூனையா இருக்கும்" என்றேன். பூனை அப்படி வழிக்காது என்று எனக்கும் தெரியும்.

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "இத்தன வருசமா பசியோடயா இருந்தீங்க?" என்று அழுதாள். அந்த அழுகையை என்னால் மறக்க முடியவில்லை. அந்த வருடம்தான் முருகையாவுக்கு முதல் படையல் போட்டாள்.

அவளுடைய கருமாதியன்று உணவகத்தை மூடிவிட்டு, கண்ணாடி அறையில் எல்லோரும் அவளுக்குப் படைத்தார்கள். எங்கள் மார்க்கத்தில் இது இல்லை. ஆனாலும் சமைத்தவன் நான். கதவைத் தட்டியவனும் நானே. திறந்தோம். கத்தரிக்காய் மசியலில் அதே இடைவெளி விட்ட தடம். அதை ஒட்டி, குறையில்லாத நான்கு விரல்களின் சிறிய தடம். சிவா என் கையைப் பிடித்துக்கொண்டான். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அவளுக்கு அவர் கிடைத்துவிட்டார் என்று நெஞ்சு நிறைந்தும் போயிற்று.

செல்வராணியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தத் தட்டல்தான். இப்போது என் வீட்டில், சோறு வைத்திருக்கும் அறைக்குக்கூடத் தட்டிவிட்டே நுழைகிறேன். "உள்ள யாரு இருக்கா?" என்று மனைவி கேலி செய்கிறாள். அப்படியும் கொஞ்சம் பொறுத்துத்தான் திறக்கிறேன்.