விழுந்தது யாருடைய படம்

தரை துடைத்த ஈரம் காயும்வரை நாற்காலியை விட்டு இறங்காத மனிதர் அந்த ஆஸ்பத்திரியில் ஒருவர்தான். ஒருமுறை அவசரமாக வெளியே போக வேண்டி வந்தபோது, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோரமாகவே நடந்துபோனார். அதைச் சொல்லிக்காட்டவும் இல்லை. துடைத்துக்கொண்டிருந்த அம்மாளின் மனதில் அது தங்கிவிட்டது. கம்ப்யூட்டர் பார்க்கும் அவருக்கு, பாதி மூடிய கண்களுக்காக, மற்றவர்கள் வைத்த பெயர் தூங்குமூஞ்சி.

அந்த வாரம் ஸ்கேன் படங்களைச் சேமித்திருந்த பழைய கம்ப்யூட்டர் பெட்டி கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது. அது அடங்கிப்போவதற்குள் எல்லாப் படங்களையும் மாற்றிப் புதுப் பெட்டியில் ஏற்ற வேண்டும். அம்மாளின் மகளுடைய பழைய இதயப் படமும் அதற்குள்தான் கிடந்தது. அதைப் பார்க்காமல் மகளுக்குக் கத்தி வைக்க மாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாள் வாளியோடு அந்த அறை வாசலையே சுற்றிச்சுற்றி வந்தாள்.

படங்களை மாற்றும் வேலை பாதி ஓடும், நின்றுவிடும். மறுபடி ஓடும், மறுபடி நிற்கும்.

"என்ன தூங்குமூஞ்சி, திரும்பவும் படுத்துடுச்சா? நீயும் அதுவும் நல்ல ஜோடிப்பா!" என்றார் ரெக்கார்டு கிளார்க்.

கம்ப்யூட்டர்காரர் சிரிக்கவில்லை. வாசலில் நின்றவளைப் பார்த்தார்.

"உள்ள வாங்கக்கா. ஒரே புரோகிராமுக்குள்ள பல கையை விட்டு வேலை வாங்கினேன். த்ரெட்னு சொல்லுவோம். எல்லாத்துக்கும் ஒரே உடம்பு. கெட்டுப்போன படம் ஒண்ணு மாட்டினா, மொத்தமும் சேர்ந்து விழுந்துடுது."

"ஐயோ! இப்ப என்ன செய்யறது தம்பி?"

"ஃபோர்க் பண்ணப் போறேன். புரோகிராமே தன்னை மாதிரி பிள்ளைங்களைப் பெத்து, ஆளுக்கொரு படமாக் குடுக்கும். ஒண்ணு செத்தா அது மட்டும்தான். தாய் காத்திருந்து, எது பிழைச்சது, எது போச்சுன்னு சொல்லும்."

அந்தக் கடைசிப் பேச்சைக் கேட்டு அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

திரையில் வரிகள் ஓடத் தொடங்கின. சுவரைப் பிடித்துக்கொண்டு, 'ஆண்டவனே, என் பிள்ளையோடது விழக் கூடாது' என்று வேண்டினாள். வேண்டி முடிப்பதற்குள், அப்படியானால் யார் பிள்ளையுடையது விழ வேண்டும் என்று உள்ளுக்குள் ஒன்று கேட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். வேண்டுதலை முடிக்கவும் பயம், விடவும் பயம்.

வேலை நிற்கவில்லை. ஆனால் இரண்டு வரிகள் மட்டும் சிவப்பாக விழுந்தன.

"பொண்ணோட நம்பர் சொல்லுங்கக்கா."

திக்கித்திக்கிச் சொன்னாள். அவர் விரலால் திரையைத் தடவிக்கொண்டே போனார். அவள் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க பொண்ணோடது வந்துடுச்சு."

கைகூப்பினாள். பிறகு சிவப்பு வரிகளைக் காட்டி, "அந்த ரெண்டும் யாரோடது தம்பி?" என்றாள்.

"யாரோ பெத்த பிள்ளைங்களோடதுக்கா."

மகள் பிழைத்து எழுந்தாள். ஆனாலும் துடைக்கப் போகும்போதெல்லாம் அம்மாள் அந்த அறையில் கண்ணை மூடி ஒரு நிமிடம் நிற்பாள். அவர் அதைப் பார்ப்பார். வேறு ஊருக்கு மாற்றலாகிப் போன அன்று, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவளைத் தேடி வந்து சொன்னார்:

"அந்த ரெண்டு படத்துல ஒண்ணைத் தேத்திட்டேன்க்கா. இன்னொண்ணு இன்னும் எந்திரிக்கல. நீங்க கும்பிடறதை நிறுத்திடாதீங்க."