கயிற்றில் வந்த இழுப்பு

எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் வாய்க்கால் தண்ணீர்தான். மேலே ஒரு பூவைப் போட்டால் கீழே அடுத்த படித்துறையில் எடுத்துக்கொள்ளலாம். அந்த நினைப்போடுதான் நாங்கள் கடலுக்கும் போனோம்.

மகாராஜா ஆட்சி முடிந்து, நாங்கள் தமிழ்நாட்டோடு இன்னும் சேராத காலம். கல்யாணம் ஆகி எனக்கு முதல் மாசிக்கொடைத் திருவிழா. வில்வண்டியில் மண்டைக்காடு போய், அம்மனைக் கும்பிடும் முன்னால் கடலில் குளிக்க இறங்கினோம். என் வீட்டுக்காரர் எங்கள் குளத்தில் அக்கரை போய் வருகிறவர். அந்தத் தெம்பில் உள்ளே போனார். அடியில் இழுத்த நீர், அலை உடைகிற இடத்துக்கு அந்தப் பக்கம் அவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டது.

மாமியார் பதறவில்லை. "இவ்வளவு அலையும் கரைக்குத்தானே வருது, அவனையும் கொண்டு வரும். நில்லுட்டி" என்றார்.

நின்றேன். அம்மனுக்கென்று யாரோ எறிந்த தேங்காய் ஒன்று என் வீட்டுக்காரர் பக்கத்தில் மிதந்தது. அலை வந்தது. தேங்காய் ஏறியது, இறங்கியது. அலை மட்டும் ஓடி வந்து என் காலடி மண் அதிர விழுந்தது. தேங்காய் கிடந்த இடத்திலேயே கிடந்தது. அவர் தலையும் அப்படித்தான். ஓடி வருவது அங்கே இருக்கிற தண்ணீர் இல்லை, அதன் பலம் மட்டும்தான். அவரைத் தூக்கி இறக்கிவிட்டு, அங்கேயே விட்டுவிட்டு வருகிறது.

"அத்தே, அலை கொண்டு வராது!"

"பெரிய கடக்கரைக்காரி! வாயை வச்சுக்கிட்டு சும்மா நில்லு."

நான் நிற்கவில்லை. வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்களிடம் ஓடினேன். ஒருவர் நார்க்கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, மறுமுனையை என் கையில் தந்தார். "கூப்பிட்டா இந்த இரைச்சல்ல கேக்காது பிள்ளே. ஆளைப் பிடிச்சதும் கயித்தை வெடுக்குனு இழுப்பேன். கையில தெரியும். உடனே எல்லாரும் இழுக்கணும்." அலைக்குள் பாய்ந்துவிட்டார்.

தலைகள் தெரியவில்லை. கயிறு நீண்டுகொண்டே போய் நின்றது. கையில் ஒன்றும் வரவில்லை. கயிறு போகிற வழியைப் பார்த்தால், எனக்கு முன்னால் மாமியார் மண்ணில் உட்கார்ந்து, அதே கயிற்றை மடியோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டு அழுகிறார். அங்கிருந்து வருகிற இழுப்பு அந்த மடியிலேயே செத்துப்போகுமே!

"கயித்தை விடுங்க அத்தே!"

"எம் பிள்ளை—"

"விடுங்கன்னா விடுங்க!"

மாமியாரிடம் நான் போட்ட முதல் சத்தம் அது. கையை எடுத்துவிட்டார். கயிற்றை மண்ணில் படாமல் தூக்கிப் பிடித்தேன். சுண்டியதுபோல ஒன்று என் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

"இழுங்கோ!"

எல்லாரும் இழுத்தோம். அலை உடைகிற இடம் வந்ததும், அலையே இருவரையும் புரட்டி மணலில் எறிந்தது. என் வீட்டுக்காரர் உப்புத்தண்ணீரைக் கக்கிக்கொண்டு கிடந்தார். மூச்சு இருந்தது.

திரும்பும்போது வண்டியில் அவருக்கு வாய் வந்துவிட்டது. "கடைசியில அலைதான் என்னைக் கரையில கொண்டு போட்டுது, பாத்தியா?"

நார்க்கயிறு தோலை உரித்த என் கையை மடியில் மூடி வைத்திருந்தேன். பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மாமியார் முந்திக்கொண்டார்.

"ஏல, சும்மா கெட. அவ கையைப் பாரு முதல்ல."