ஒன்பது சிலிண்டரும் என் இடுப்பும்

பழைய மெஷினைக் கட்டி மேய்க்கிற வேலையில் நிம்மதியாக உட்கார்ந்து டீ குடித்தவர் யாரும் கிடையாது. இதைப் படிக்கும் சக ஜீவன்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆவடிப் பக்கம் ஒரு தனியார் விமானப் பராமரிப்புக் கல்லூரியில் ஆய்வகம் என் பொறுப்பு. ஷெட்டில், ஸ்டாண்டில் பூட்டிய ஒரு ரேடியல் இன்ஜின். நடுவில் தண்டு, அதைச் சுற்றி வட்டமாக ஒன்பது சிலிண்டர், முன்னால் ப்ரொப்பெல்லர். வெள்ளிக்கிழமை ஆய்வுக்குழு வருகிறது என்று தெரிந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. காரணம், முதல்வர் சொன்ன ஒரே வரி: "அன்னைக்கு அது ஓடலைன்னா எடைக்குப் போட்டுடுவேன், நீங்க ஹாஸ்டல் வார்டனாப் போயிடுங்க."

ஏன் ஒன்பது?

அட்மிஷனுக்கு மகளோடு வந்த அம்பத்தூர் ஐ.டி.க்காரர் ஒருவர் சிலிண்டர்களை எண்ணிவிட்டு, "ரவுண்டா பத்து வெச்சிருக்கலாமே?" என்றார். கார்புரேட்டர் கழற்றிப் போட்டபடி கிடக்கிறது, கையெல்லாம் கிரீஸ். இருந்தாலும் விளக்கினேன். சிலிண்டருக்குள் பெட்ரோல் வெடிப்பது ஒன்று விட்டு ஒன்றாக நடக்கும்: ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது, அடுத்த சுற்றில் இரண்டு, நான்கு, ஆறு, எட்டு, மறுபடி ஒன்று. பத்து வைத்தால் ஒன்பதுக்கு அடுத்து நேராக ஒன்றுக்கே போய்விடும், இரட்டை எண்களுக்கு முறையே வராது. அவர் நன்றாகவே தலையாட்டினார். போகும்போது மகளின் காதில் சொன்னது எனக்கும் கேட்டது: "பத்தாவதை எவனோ கழட்டி வித்துட்டான்மா, சார் சமாளிக்கிறாரு."

ஒழுகல்

நிறுத்தி வைத்தால் எண்ணெய் மெல்லக் கசிந்து கீழ்ச் சிலிண்டர்களுக்குள் தேங்குவது இந்த இன்ஜினின் பிறவிக் குணம். அப்படியே ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் எண்ணெயை அமுக்க முடியாமல், பிஸ்டனைத் தாங்கும் கம்பி வளைந்து, இன்ஜின் காலி. அதனால் முதலில் ப்ரொப்பெல்லரைக் கையால் சில சுற்று சுற்றிப் பார்ப்போம். நடுவில் இறுகினால் உள்ளே எண்ணெய் என்று அர்த்தம். மிச்சம் தரையில் சொட்டும். தரை துடைக்க வரும் மல்லிகாக்கா ஒருநாள் மாப்பைக் கீழே போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தார்: "இன்னா சார், கைக்கொயந்தையா இது? ஒரு டயாபர் வாங்கி மாட்டி உடு சார்!"

வெள்ளிக்கிழமை

காலையில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். குழு அம்பத்தூர் எஸ்டேட் டிராஃபிக்கில் மாட்டி மதியம்தான் வந்தது. அதற்குள் எண்ணெய் கீழே இறங்கியிருக்கும். முதல்வர் "பட்டனை அழுத்துங்க" என்றார். நான் போய் ப்ரொப்பெல்லரைப் பிடித்தேன். "வந்தவங்க முன்னாடி டவுன் பஸ் மாதிரி தள்றீங்களே, மானம் போகுது" என்று பல்லைக் கடித்தார். ஒரு சுற்று வந்தது. அடுத்ததில் இறுகி நின்றது.

கீழ்ச் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். குபுகுபுவென்று எண்ணெய், பாதி முதல்வரின் ஷூவில். வடித்து, பூட்டி, மறுபடி சுற்றிப் பார்த்து, அப்புறம்தான் பட்டன். இருமியது, தும்மியது, ஒவ்வொன்றாக விழித்து ஒன்பதும் சேர்ந்து முழங்கியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பின்னால் நின்றவர்களைப் புகை மூடியதால் யாரும் பார்க்கவில்லை. இன்ஜினை நிறுத்திய பிறகும் புகை கலையவில்லை. அதற்குள்ளிருந்து குழுத் தலைவரின் குரல் மட்டும் வந்தது: "இன்ஜின் ஓடுது, ஒத்துக்கறேன், வாசல் எந்தப் பக்கம்னு யாராவது சொல்லுங்கப்பா!"

ஆய்வகம் பிழைத்தது. ஆனால் இப்போது எந்தப் பெற்றோர் வந்தாலும் முதல்வர் ஓட்டிக் காட்டச் சொல்வதால், ப்ரொப்பெல்லரைச் சுழற்றிச் சுழற்றி என் இடுப்புதான் எடைக்குப் போகிற நிலையில் இருக்கிறது.