உதறாமல் வைத்த தெர்மாமீட்டர்

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய தெர்மாமீட்டர் இருக்கிறது. கறுப்பு உறை, மூடி கழன்றுவிடாமலிருக்க ஒரு ரப்பர் வளையம். போன மழைக்காலத்தில் அண்ணி தவறிய பிறகு அவர் பொருட்களில் நான் கேட்டு வாங்கிக்கொண்டது இது ஒன்றுதான். இந்த மாதிரி தெர்மாமீட்டருக்கு ஒரு குணம் உண்டு. பாதரசம் சூட்டுக்கு ஏறும், சூடு போனபின் தானாக இறங்காது. கையில் பிடித்து நன்றாக உதறினால்தான் இறங்கும். அதுவரை கடைசியாக யாருக்கு வைத்தோமோ அவருடைய சூட்டையே காட்டிக்கொண்டு நிற்கும். என் கைக்கு வந்தபோது நூறில் நின்றது. அது அண்ணியின் கடைசி ஜுரம். நான் உதறவில்லை.

அறுபதுகளின் நடுவில், செஞ்சியில், அண்ணி எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தார். அண்ணன் பக்கத்து வல்லத்தில் யூனியன் ஆபீஸ் குமாஸ்தா. நான் பி.யூ.சி.யில் கணக்கில் மட்டும் தேறாமல் கோட்டடித்துவிட்டு வீட்டோடு கிடந்தேன். அண்ணிக்கு என் வயதுதான், ஆனால் கன்னியாஸ்திரீகள் நடத்திய விடுதியில் தங்கி அதே பி.யூ.சி.யைக் கணக்கில் நல்ல மார்க்கோடு முடித்தவர். சமையல் வேலை முடிந்ததும் இருவரும் சாக்பீஸோடு சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிடுவோம். ஒரு சார்பு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று கண்டுபிடிக்கும் கணக்கில்தான் நான் விழுந்துகொண்டே இருந்தேன். வழி என்னவோ எளிதுதான். வகைக்கெழுவை எடுத்து, அது சைபராகும் இடங்களைக் கோட்டில் குறித்து, இடையில் உள்ள ஒவ்வொரு துண்டிலிருந்தும் ஒரு எண்ணை எடுத்து வகைக்கெழுவில் போட வேண்டும். ப்ளஸ் வந்தால் ஏற்றம், மைனஸ் வந்தால் இறக்கம். நானோ அந்த எண்ணைக் கொண்டுபோய் முதலில் கொடுத்த சார்பிலேயே போடுவேன். எக்ஸ் கியூப் மைனஸ் மூன்று எக்ஸ் என்ற கணக்கில் மைனஸ் அரையைப் போட்டேன். விடை ப்ளஸ்ஸில் வந்தது. ஏற்றம் என்று எழுதினேன். அண்ணி தலையில் அடித்துக்கொண்டார்.

“இன்னா நீ! எவ்ளோ ஒசரத்துல இருக்குதுன்னா கேட்டாங்க? ஏறுதா எறங்குதான்னு தானே கேட்டாங்க? மலை மேல இருக்கறவன் எறங்கிக்கினு கூட இருப்பான் இல்ல?”

“இவளுக்குக் கணக்கு வர்றதுக்குள்ள ராஜகிரி மலையே எறங்கி ரோட்டுக்கு வந்துடும்” என்றான் அண்ணன், சைக்கிளைத் துடைத்துக்கொண்டே.

ஐப்பசி மழையில் அண்ணன் படுத்தான். டைபாய்டு. டாக்டர் தினமும் வந்து பார்த்தார். அண்ணி வேளை தவறாமல் தெர்மாமீட்டர் வைத்தார், அண்ணனின் கைக்கடிகாரத்தைப் பார்த்து நாடியும் எண்ணினார். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் காலையிலிருந்து சூடு மளமளவென்று இறங்கியது. மத்தியானம் பாதரசம் தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கில் வந்து நின்றது. அம்மா மெழுகுவத்தியோடு மாதா கோயிலுக்கு ஓடினார். நைனா அன்றைக்குத்தான் தட்டு நிறையச் சோறு போட்டுச் சாப்பிட்டார். நானும் சிரித்தேன். அண்ணி மட்டும் அண்ணனின் மணிக்கட்டை விடவில்லை.

“மாமா, ஜுரம் எறங்குது, ஆனா நாடி ஏறிக்கினே போவுது. வவுறு கல்லாட்டம் இருக்குது. ஒரு கார் பாருங்க, பாண்டி ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயிடலாம்.”

“ஜுரம் வுட்டவன மழையில கார்ல போட்டுக் குலுக்கணுமா? நார்மலா இருக்குதுன்னு நீதானம்மா சொன்ன? தூங்கட்டும். சாயந்தரம் டாக்டர் வர்றாரு இல்ல.”

நைனா சொன்னதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கைப் பார்த்த எவரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். சாயந்தரம் டாக்டர் வந்தபோது அண்ணன் இல்லை. குடலில் ஓட்டை விழுந்தால் சூடு சட்டென்று இறங்கிவிடும், நாடி மட்டும் ஏறும் என்று அவர் வாசலில் நின்றபடி சொன்னார். “மதியமே போயிருந்தா?” என்று நைனா கேட்டார். டாக்டர் குடையை விரித்துக்கொண்டு, சொல்ல முடியாது என்றார்.

அண்ணி அழவில்லை. முப்பதாம் நாள் பூசையிலும் அழவில்லை. பிறந்த வீட்டார் வந்து கூப்பிட்டார்கள், போகவில்லை. எனக்கும் உள்ளே ஒன்றும் நடக்கவில்லை. மடக்கி உட்கார்ந்து மரத்துப்போன காலைக் கிள்ளினால் யாருடைய காலையோ கிள்ளுவது போலிருக்குமே, அப்படித்தான் நாள் போயிற்று. சாப்பிட்டோம், துணி துவைத்தோம், கணக்குப் போட்டோம். தெர்மாமீட்டரை அண்ணி உதறாமல் மாடத்தில் வைத்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரி குழந்தைக்கு ஜுரமென்று கேட்டு வந்தபோது, “ஒடஞ்சிடுச்சிக்கா” என்று சொல்லி அனுப்பினார். எப்போதாவது உறையைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவார். அதில் அண்ணன் ஜுரம் விட்டு, நன்றாக இருந்தான்.

ஒருநாள் கணக்குக்கு நடுவில், வகைக்கெழு சைபராகும் இடத்தைக் காட்டி, அங்கே ஏற்றமா இறக்கமா என்று கேட்டேன்.

“அந்த எடத்துல நின்னுக்கினு ஒண்ணும் சொல்ல முடியாது” என்றார் அண்ணி. “ரெண்டு பக்கமும் பாக்கணும். இந்தப் பக்கம் தெரியுது. அந்தப் பக்கம் தாண்டினாத்தான் தெரியும்.” அவர் கணக்கைத்தான் சொன்னார்.

பரீட்சையில் அந்தக் கணக்கே வந்தது. வகைக்கெழுவில் போட்டேன், சரியாக வந்தது. சந்தோஷம் எதுவும் வரவில்லை.

பிறகு கத்தரி வெயில். செஞ்சியில் பகலெல்லாம் பாறை குடித்த சூடு பொழுது சாய்ந்தும் வீட்டுக்குள் வந்துகொண்டிருக்கும். ஒரு பிற்பகல் அண்ணி உறையைத் திறந்தவர், “யாரு தொட்டது?” என்று கத்தினார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை.

“மாதா சத்தியமா யாரும் தொடலியே பொண்ணே” என்றார் அம்மா.

நான் வாங்கிப் பார்த்தேன். நூற்று மூன்று. உறையே கையைச் சுட்டது. அண்ணி மாடத்துச் சுவரைத் தொட்டார், அதுவும் கொதித்தது. “வெயிலு... வெயிலே ஏத்திடுச்சி” என்றார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து, தெருவே கேட்கும்படி அழுதார். அம்மா ஓடிவந்து கட்டிக்கொண்டார். நைனா தூணைப் பிடித்துக்கொண்டு, “அன்னிக்கு நீ சொன்னப்பவே கார் பாத்திருக்கணும்மா” என்றார். மரத்த காலில் ரத்தம் திரும்பும்போது குத்துமே, அதுபோல எனக்கு உடம்பெல்லாம் குத்தியது. வெகுநேரம் கழித்து அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார், தெர்மாமீட்டரை இறுக்கிப் பிடித்து உதறினார். அதைப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டி, வேண்டும்போது கேளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார்.

இப்போது எங்கள் வீட்டில் ஜுரம் பார்ப்பது பட்டனை அமுக்கினால் கூவுகிற ஒரு கருவி. அணைத்ததும் எல்லாவற்றையும் மறந்துவிடும். இந்த வாரம் சென்னையில் வெயில் தாங்கவில்லை. மாடி அறைக்குப் போய் இழுப்பறையைத் திறந்து, ரப்பர் வளையத்தைக் கழற்றினேன். பாதரசம் நூற்று இரண்டில் நின்றது. வீட்டில் யாருக்கும் ஜுரமில்லை. அண்ணியின் நூறு போய்விட்டது. கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு எழுந்து நின்று, உதறினேன்.