வீட்டுக்கு வந்து கேளுங்க

நோன்பு மாதம் வந்தால் எதிர்வீட்டு அக்கா கிண்ணத்தில் கடல்பாசியைக் காய்ச்சிச் செய்த இனிப்பைக் கொடுத்தனுப்புவார். நேற்றும் வந்தது, ரோஸ் கலரில் தளதளவென்று. பேரப்பிள்ளைகள் எசன்ஸ் வாசனைக்கு அடித்துக்கொள்கிறார்கள். எனக்கு மட்டும் அதற்கு அடியில் பச்சைப் பாசியின் கவிச்சி அடிக்கிறது. கூடவே வக்கீலம்மாவும் வந்துவிடுகிறார்.

ராமநாதபுரத்தில் அவரிடம் அந்தக் காலத்தில் நான் குமாஸ்தா. பெரிதாக நினைத்துவிடாதீர்கள், கேஸ் கட்டு தூக்குவது, வாய்தா குறிப்பது, டீ வாங்குவது. அவர் ஆள் குள்ளம், குரலும் சன்னம். அடிபட்ட பெண்கள், அகதி முகாம் பெண்கள் என்று ஆபீஸ் நிறைந்திருக்கும். மண்டபம் பக்கமிருந்து பாசி எடுக்கிற பெண்கள் வந்துபோனால் பெஞ்சைத் துடைத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். கடலிலிருந்து நேரே பஸ் ஏறியவர்கள் வேறெப்படி வருவார்கள்?

அவர்களில் ஒருத்தி அந்தோணியம்மாள். போகக்கூடாத தீவில் பாசி எடுத்தாள் என்று காலையில் விசாரணைக்குக் கூட்டிப்போன போலீஸ்காரர்கள், மத்தியானம் தாண்டியும் விடவில்லை. அவள் புருஷன் ஆபீஸுக்கு மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"இருட்டுறதுக்குள்ள கொண்டாந்துருங்கம்மா. ராத்திரி ஸ்டேஷன்ல இருந்தவன்னு பேராயிட்டா எங்கம்மா வீட்டுல ஏத்தாது. அதுக்கு முந்தி அவ கடல்ல விழுந்துருவா."

பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது வெயில் இறங்கியிருந்தது. வக்கீலம்மா ஸ்டேஷன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் சட்டப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வேப்பமரத்துப் பக்கம் நகர்ந்தேன். போலீஸ் என்றால் எனக்கு அப்போது பயம்.

"விசாரணைதாம்மா. முடிஞ்சதும் அனுப்புறோம்" என்றார் எஸ்.ஐ.

"பொம்பளைய விசாரிக்கணும்னா நீங்கதான் சார் அவ வீட்டுக்குப் போகணும். ஸ்டேஷனுக்குக் கூப்பிடவே சட்டத்துல எடமில்ல. இல்ல, வச்சிருப்போம்னா, எதுக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

எஸ்.ஐ. கத்தினார். மேஜையைத் தட்டினார். எழுதிக் கொடுக்க மட்டும் துணியவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே அந்தோணியம்மாள் எங்களோடு நடந்து வீடு வந்தாள்.

மறுநாள் எஸ்.ஐ. அவள் குடிசைக்கு வந்தார். நாங்களும் முன்னாலேயே போயிருந்தோம். கரையிலிருந்த பெண்களெல்லாம் வேலையைப் போட்டுவிட்டுக் கூடிவிட்டார்கள். அந்தோணியம்மாள் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றாள்.

"உக்காரு அந்தோணி. இது ஒன் வீடு" என்றார் வக்கீலம்மா.

அவள் உட்கார்ந்தாள். எஸ்.ஐ. நின்றபடி கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அந்தச் சட்டத்தைப் புத்தகமாக எத்தனையோ நாள் சுமந்திருக்கிறேன். மணலில் வந்து நிற்பதை அன்றுதான் பார்த்தேன். விசாரணை முடிந்ததும் அவருக்கு டீ கொடுத்தார்கள். குடித்துவிட்டுத்தான் போனார்.

வக்கீலம்மா இப்போது இல்லை. ஆபீஸ் இருந்த இடத்தில் செல்போன் கடை. குடிசைகள் காங்கிரீட் வீடுகளாகிவிட்டன. போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு அந்தப் பக்கம் போயிருந்தேன். ஏதோ புகார் பற்றிக் கேட்க ஒரு போலீஸ்காரர் ஒரு வீட்டு வாசலில் வந்து நின்றார். மீன் அலசிக்கொண்டிருந்த இளம்பெண் நிமிர்ந்து பார்த்து, "இருங்க சார், கையக் கழுவிட்டு வாரேன்" என்றாள். அவரும் நின்றார். அவளுக்கு வக்கீலம்மா பேர்கூடத் தெரிந்திருக்காது. இந்தக் கரையில் இருந்த அந்தப் பயமெல்லாம் எங்கே போயிற்று என்று அவளிடம் கேட்டிருந்தால், எந்தப் பயம் என்றுதான் கேட்டிருப்பாள்.