ஜெயிலுக்குப் போன கேக்

எங்கள் தொழிற்சாலையின் சோதனைக் கூடத்தில், மின் ரிலேக்களின் முனைகளைத் துடைக்க நேற்று ஸ்பிரிட் புட்டியைத் திறந்தேன். மூடி கழன்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து மேஜைப் பெண் புட்டியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள். அவளுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன். அந்த வாசனை வந்தால் எனக்குக் கிறிஸ்துமஸ் வந்துவிடும்.

நான் வளர்ந்த ஜீவனஹள்ளியில், எங்கள் தெருவில் மாதா படம் மாட்டிய எல்லா வீட்டிலும் டிசம்பருக்குத் திராட்சை ஒயின் போடுவார்கள். அப்பா அதை ஈஸ்டருக்கும் நீட்டினார், பிறகு கல்யாணங்களுக்கு, பிறகு காரணமே தேவைப்படவில்லை. ஒயினும் சாராயமாக முன்னேறியது. நான் ஆறாம் வகுப்புப் படித்த வருஷம், அக்டோபரில், கலால்காரர்கள் வந்து பானை, குழாய், புனல், புட்டிகள், அப்பா எல்லாவற்றையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். (அவர்கள் ஏற்றிய வரிசையும் அதுதான்.) அலமாரி மேலிருந்த ஊறுகாய் ஜாடி மட்டும் தப்பியது. அதில் கேக்குக்கான உலர்திராட்சை செப்டம்பரிலிருந்தே அப்பாவின் சரக்கில் ஊறிக்கொண்டிருந்தது.

"கொட்டிடலாம்மா," என்றேன்.

"காசு போட்டு வாங்கின திராட்சைடி. வேகறப்ப வாசனையெல்லாம் போயிடும்."

எங்கள் பக்கத்தில் மாவைக் கலந்து தட்டில் ஊற்றி பேக்கரி அடுப்புக்குக் கொடுத்தனுப்புவோம். தட்டு மாறிவிடாமலிருக்க அடியில் வீட்டுக்காரர் பெயரைக் கீறுவது வழக்கம். அம்மா அந்த வருஷமும் அப்பா பெயரைத்தான் கீறினாள், கொஞ்சம் அழுத்தமாகவே.

கிறிஸ்துமஸ் பூசை முடிந்த கையோடு ஜெயிலுக்குப் போனோம். கேட்டில் இருந்த வார்டர் கன்னடக்காரர். உள்ளே அரம் ஏதாவது ஒளித்திருக்கிறதா என்று பார்க்க, நீளமான கம்பியைக் கேக்கின் நடுவில் செருகினார். அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"வெந்துடுச்சுண்ணா. நானே குத்திப் பாத்துட்டேன்."

அவர் கம்பியை உருவி மூக்கருகே கொண்டுபோனார். சாராயக் கேஸில் உள்ளே இருப்பவருக்குச் சாராயம் கொண்டுவந்தால் என்னென்ன ஆகும் என்று மனதில் அடுக்கினேன்: கேக் போகும், அப்பாவைப் பார்ப்பது போகும், அம்மாவும் உள்ளே போவாள், எனக்கு பஸ் நம்பர் தெரியாது.

"ஏனம்மா இது, என்ன வாசனை?"

"ஏலக்காய்ண்ணா," என்றாள் அம்மா, பூசை முகம் மாறாமல்.

வார்டர் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டார். மென்றார். இன்னொன்று பிய்த்தார்.

"நம்ம வீட்டு ஏலக்கி இப்டி இல்லம்மா. எந்தக் கடைலே வாங்கினே?"

"கடைக்காரரு உள்ளதான் இருக்காருண்ணா," என்றேன் நான்.

அம்மா கிள்ளிய இடம் பொங்கலுக்குப் பிறகும் வலித்தது. வார்டர் தொப்பி நழுவச் சிரித்தார். பிறகு கேக்கைச் சரிபாதியாக வெட்டி, ஒரு பாதியைத் தம் மேஜைக்குள் வைத்தார்.

"இது டெஸ்ட்டிங்குக்கு. ஹோகம்மா, சீக்கிரம் போ."

கம்பி வலைக்கு அந்தப்புறம் அப்பா ஒரு வாய் தின்றார். மெல்லுவதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"மேரி, இது நம்ம..."

"பேசாம தின்னுங்க," என்றாள் அம்மா. அக்டோபருக்குப் பிறகு அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது.

அப்பா ஈஸ்டருக்கு முன்பே வந்துவிட்டார். மர டிப்போவில் வேலைக்குச் சேர்ந்தார். பானை, குழாய் பேச்சை எடுப்பதேயில்லை. அம்மா இப்போது திராட்சையைச் சர்க்கரைப் பாகில் ஊறவைக்கிறாள். கோயிலில் எல்லோரும் பக்குவம் கேட்கிறார்கள். எந்த ஜெயில் கேட்டிலும் தயங்காமல் நீட்டக்கூடிய கேக். அப்பா ஒரு துண்டு எடுத்துத் தின்றுவிட்டு, "நல்லாயிருக்கு," என்கிறார். பிறகு காபி கேட்கிறார்.