பேய்ப்படத் தட்டில் ஒரு செத்தவீடு

வீடியோக் கடையில் நிற்கிறவனுக்கு உலகத்தில் இரண்டே வகை ஆட்கள்தான்: கசெட்டைத் திருப்பிச் சுற்றித் தருகிறவர்கள், சுற்றாமல் தந்துவிட்டு அவனையே முறைக்கிறவர்கள். எண்பதுகளின் கடைசியில் மொன்றியலுக்கு அகதியாக வந்து, லாசாலில் அப்படி ஒரு கடையில் ஒன்றரை வருடம் நின்றேன். கவுண்டருக்குப் பின்னால் நின்று ஏச்சு வாங்கியவர்களுக்கு என் பாடு விளங்கும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பான் பேய்

முதலாளி தில்லையண்ணை, மூடப்போன ஒரு கடையில் இருந்து பெட்டி பெட்டியாய்ப் பழைய கசெட் அள்ளிக்கொண்டு வந்தார். அதற்குள் ஒரு ஜப்பான் படம். அட்டை இல்லை, பேர் இல்லை, வெறும் கறுப்புக் கசெட். ஒருவன் சுடலையை இடித்து வெந்நீர்க் குளியல் விடுதி கட்டுகிறான். செத்தவர்கள் எழும்பிப் பழிவாங்க வருகிறார்கள். முகம் முழுக்கக் கோதுமை மா. ஒரு பேயின் தலை கழன்று உருளும்போது அதை இழுக்கிற நைலோன் கயிறு பளிச்சென்று தெரியும். பழிவாங்க வந்த பேய்கள் தண்ணீரின் சூட்டில் சொக்கிப்போய், வந்த வேலையை மறந்து குளிக்கத் தொடங்கிவிடும்.

எங்கள் சனம் இதை வரிசையில் நின்று கொண்டுபோனது. கடைக்கு மேல்மாடியில் இருந்த முசியே ரோலானும் தனக்கு எடுத்துவைக்கச் சொன்னார். பெண்சாதியை இழந்து தனியாக இருந்த, ஓய்வுபெற்ற பஸ் சாரதி. நல்ல மனிசன், ஆனால் எங்கள் கசெட்டிலேயே சனிக்கிழமை ஹொக்கி ஆட்டத்தைப் பதிந்து, சுற்றாமல் திருப்பித் தருவார். காலையில் ஒரு கந்தோரும் பின்னேரம் ஒரு கந்தோரும் துப்புரவாக்குகிற புஸ்பமக்கா படத்தைத் திருப்பித் தந்தபோது சொன்னா: “செத்தாப் பிறகும் இப்பிடி ஓடித்திரிய வேணுமெண்டால் நான் சாகேல்லை, தம்பி.”

துடக்கு

செல்வராசா அண்ணைக்கு டோர்வலில் வேலை, விமானங்களுக்குச் சாப்பாடு போகிற சமையற்கூடத்தில் கோப்பை கழுவுவது. ஒருநாள் துவாயில் சுற்றிய கசெட்டோடு வந்தார். போன வருடம் அச்சுவேலியில் அவருடைய தாய் செத்துப்போனா. அகதி வழக்கு முடியாமல் இவர் வெளிக்கிட்டால் திரும்பி வர ஏலாது. தம்பியார்தான் கொள்ளி வைத்தார். செத்தவீட்டை வீடியோ எடுத்தார்கள். அது கொழும்பு, பிராங்பேர்ட் என்று கை மாறி மாறி இப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது. ஊர்க் கசெட்டின் பதிவு முறை வேறு, கனடா வீடியோ டெக்கில் ஓடாது, எங்கள் மெஷினில் போட்டு மாற்ற வேண்டும். தாயின் முகம் பார்த்து ஐந்து வருடம் என்றார். ஞாயிற்றுக்கிழமை, செத்து ஒரு வருடம் முடிகிற ஆட்டைத் திவசம், சொந்தக்காரர் எல்லாரோடும் இருந்துதான் பார்ப்பாராம், தனியப் பார்க்கத் தைரியம் இல்லையாம்.

கொப்பி எடுத்து முடிந்தது. அடுத்த நிமிடம் டெக் ஊர்க் கசெட்டைத் தின்றுவிட்டது. நாடா நாலு துண்டு, மிச்சம் கசங்கல். இனி அந்தத் தாய் இருப்பது கொப்பியில் மட்டும்தான். கசெட்டின் விளிம்பில் ஒரு பிளாஸ்டிக் பல் இருக்கும், அதை உடைத்துவிட்டால் மேலே எதுவும் பதிய ஏலாது. பதற்றத்தில் அதையும் உடைக்கவில்லை, அந்த வெறும் கறுப்புக் கசெட்டில் பேரும் எழுதி ஒட்டவில்லை. தில்லையண்ணை தலையில் கைவைத்தார். பிறகு, நான் கொப்பியை வைத்திருந்த இடத்தைப் பார்த்து இன்னும் பதறினார். “செத்தவீட்டுக் கசெட்டைச் சாமிப்படத்துக்குக் கீழ வையாதை, துடக்கு. கொண்டுபோய்ப் பேயளோட வை.”

ஆட்டைத் திவசம்

சனிக்கிழமை செல்வராசா அண்ணை வந்தார், பேய்ப்படத் தட்டில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். முசியே ரோலான் ஜப்பான் படத்துக்கு வந்தார், அவருக்கும் எடுத்துக் கொடுத்தேன். அடுத்த நாள் திவசத்துக்கு என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். டிவிக்கு மாலை, முன்னால் குத்துவிளக்கு, தலைவாழை இலையில் தாய்க்குப் பிடித்த கறிகள். செல்வராசா அண்ணை வேட்டியோடு வந்து கும்பிட்டுவிட்டு டெக்கின் பட்டனை அமத்தினார்.

முதலில் மேளச் சத்தம் கேட்டது. பறையென்று நினைத்துப் பெண்கள் அழத் தொடங்கினார்கள். சுடலை தெரிந்தது. மண் வெடித்து, வெள்ளை முகத்தோடு ஒரு கிழவி விறுக்கென்று எழும்பி இருந்தா. அழுகை அப்படியே நின்றது. தலை கழன்று உருள முதலே நான் நைலோன் கயிற்றைக் கண்டுவிட்டேன். ஐயோ, அந்த இடத்திலேயே செத்துப்போயிருக்கலாம் என்று இருந்தது. ஆரோ ஒருவருக்குச் சிரிப்பு வேறு வந்துவிட்டது.

செல்வராசா அண்ணை டிவியை நிற்பாட்டினார். ஏசுவார், அடிப்பார் என்று நின்றேன். அவர் என் பக்கம் திரும்பி மெல்லக் கேட்டார்: “எழும்பினது அம்மாவோ எண்டு ஒருக்கா நெஞ்சு துள்ளிட்டுது, தம்பி. அம்மா எங்கை?”

மேல்மாடி

வேட்டிக்கு மேல் குளிர் ஜாக்கெட்டைக் கொழுவிக்கொண்டு அவரும் என்னோடு முசியே ரோலான் வீட்டுக்கு ஓடி வந்தார். வழியில் ஊர்க் கசெட் போன கதையையும் சொல்லித் தொலைத்தேன். அவர் நடையைக் கூட்டினார். எனக்கு ஒரே யோசினைதான்: நேற்றுச் சனிக்கிழமை, ஹொக்கி நாள், கசெட்டில் பல் இருக்கிறது.

முசியே ரோலான் கதவைத் திறந்தபோது அவருடைய கண் சிவந்திருந்தது. ஹொக்கி பதிந்தீர்களா என்று எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் கேட்டேன். நேற்று ஆட்டமே பார்க்கவில்லை என்றார். படம் தொடங்கியபோது இப்ப எழும்புவா, இப்ப எழும்புவா என்று சிரிக்கத் தயாராய் இருந்தாராம். கொள்ளிக்குடத்தோடு மகன் சுற்றி வந்ததைக் கண்டதும்தான் இது படமில்லை என்று விளங்கியதாம். பிறகும் நிற்பாட்ட மனம் வரவில்லையாம்.

“இவர்தான் அந்த அம்மாவின் மூத்த மகன்” என்றேன். மனிசன் தொப்பியைக் கழற்றினார். அவர் செல்வராசா அண்ணையைப் பார்த்துச் சொன்னதை நான் தமிழில் சொல்லிக் கொடுத்தேன்: “மன்னியுங்கள். கடைசிவரைக்கும் காத்திருந்தேன், அவ எழும்பவே இல்லை.”

செல்வராசா அண்ணை அந்த வீட்டு சோபாவிலேயே இருந்து, அவரையும் பக்கத்தில் இருத்தி, ஐந்து வருடத்துக்குப் பிறகு தாயைப் பார்த்தார், வாய்விட்டு அழுதார்.

முசியே ரோலான் ஹொக்கி பதியாமல், ஒழுங்காகத் திருப்பிச் சுற்றி வைத்திருந்த கசெட் ஒன்றரை வருடத்தில் அது ஒன்றுதான், அதுவும் எங்கள் கடைக் கசெட் இல்லை.